கோவளத்துக்காரி என்னிடம் மறைத்தது

கல்யாணமாகி ஆறாவது வருடத்தில்தான் எனக்கு அந்த எக்ஸ்ரே எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் மருந்தைச் செலுத்தி, அது இரண்டு கருக்குழாய்கள் வழியாகவும் போகிறதா என்று படம் பிடிப்பது. தாம்பரத்தில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு மருத்துவமனை. மாதவிலக்கு வலி மாதிரிதான் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அப்படி இல்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கர்ப்பப்பை சின்ன முக்கோணமாக, வெள்ளையாகத் தெரிந்தது. அதன் இரண்டு மூலைகளிலிருந்தும் நூல் மாதிரி குழாய்கள் ஓட வேண்டுமாம். ஒன்றும் ஓடவில்லை.

"ரெண்டு ட்யூபும் அடைச்சிருக்கும்மா. சின்ன வயசுல ரொம்ப நாள் காய்ச்சல் இருந்துதா? சாயங்காலமா வர்ற மாதிரி?"

இருந்தது. பொத்தேரியில் நான்கு பெண்களோடு அறை எடுத்துப் படித்த கடைசி வருடம். மாலையானால் உடம்பு கதகதக்கும். அடிவயிறு இழுக்கும். சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆனது. பரீட்சை டென்ஷன் என்றார்கள், மெஸ் சாப்பாடு என்றார்கள். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். சில மாதங்களில் தானாகப் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்ததில் காசநோய் என்று வந்தது.

"டிபி நெஞ்சுலதானே டாக்டர் வரும்? எனக்கு இருமலே இல்லையே."

"கர்ப்பப்பைக்கும் வரும்மா. இருமல் இல்லாததாலதான் யாருக்கும் தெரியறதில்ல. இதுல உங்க தப்பு எதுவும் இல்ல."

வெளியே வந்ததும் என் கணவரிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பைக்கை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார். "யாரும்மா உன்னைத் தப்பு சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை. ஆறு வருடமாக நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இருந்தும் முதல் நாள் பயந்தேன். நான் வேலை பார்க்கும் அஸ்தினாபுரத்துப் பள்ளியில் ரத்தம் குறைவு என்று சொல்லி வைத்தேன். நோய் தீர்ந்தது. குழாய்கள் திறக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் துக்கம் பாதியாகும் என்று நம்பியிருந்தேன். காரணம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன.

இனி கருமுட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி, உள்ளே வைப்பதுதான் வழி என்றார்கள். அந்த நாட்களில்தான் ஸ்கேன் வரிசையில் கோவளத்துக்காரியைப் பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவள் கரையில் மீன் வாங்கி விற்கிறவள். விடியற்காலை மீனை விற்றுவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிடுவாள்.

"உனுக்கு இன்னாக்கா ப்ராப்ளம்?" என்று முதல் நாளே கேட்டாள்.

சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன்.

"எனுக்கு முட்டை வெடிக்க மாட்டேங்குதாம். மூணு மாசம், நாலு மாசம் தலைக்கு ஊத்தறதே இல்ல. மாத்திரை குடுத்து, ஸ்கேன் பண்ணிப் பண்ணிப் பாத்துகினு கீறாங்க." பிறகு சிரித்தாள். "உனுக்கு ரோடு அடைச்சிக்கீது. எனுக்கு வண்டியே கெளம்பல."

ஆறு வருடத்தில் இந்த விஷயத்துக்காக நான் சிரித்தது அன்றுதான்.

தினமும் வயிற்றில் ஊசி. நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். சில நாள் காலையில் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு போன் செய்வேன். "மூச்ச இஸ்துக்கினு குத்திரு டீச்சர், நான் லைன்லயே கீறேன்" என்பாள். பின்னால் மீன் ஏலம் போகிற சத்தம் கேட்கும்.

கருவை வைத்த பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தது. என் கணவர் போனைக் காதில் வைத்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள் நான் தாயாக இருந்தேன். பத்தாம் நாள், மூன்றாவது பீரியடில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது தெரிந்துவிட்டது. எழுதிய வரியை முடித்துவிட்டுத்தான் வெளியே போனேன். ஏன் முடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"உள்சுவர் ரொம்ப மெல்லிசா இருக்கும்மா, பழைய நோயோட தழும்பு" என்றார் டாக்டரம்மா. "மறுபடி வைக்கலாம். ஆனா தங்கும்னு என்னால சொல்ல முடியாது." பொய் சொல்லாததற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அன்று வெறுத்தேன். நாங்கள் மறுபடி போகவில்லை.

விஷயம் கேட்டு கோவளத்துக்காரி போனில் அழுதாள். அதன் பிறகு அவள் பேச்சு குறைந்தது. நான் கூப்பிட்டால் வேலை என்பாள். பிறகு எடுப்பதே இல்லை. ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். கரையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், கையிலிருந்த ஈரத் துண்டை வயிற்றின் மேல் பிடித்துக்கொண்டாள். துண்டுக்கு அடங்குகிற வயிறு இல்லை அது. ஏழு மாதம்.

"ஏண்டி சொல்லல?"

"இன்னான்னு சொல்றது டீச்சர்? உனுக்குப் போன அதே மாசம் எனுக்கு நின்னுச்சி. நம்பர அமுக்குவேன், அப்புறம் வச்சிருவேன்."

"நான் கண்ணு வச்சிருவேன்னு நெனச்சியா?"

"சீ, அப்டிலாம் பேசாத. உனுக்கு வலிக்கும்னு தான்."

அவள் மாமியார் டீ கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரம் வளைகாப்பு, நீயும் வந்து வளையல் போடணும் என்று அவரே சொன்னார். நான் தயங்கியதைப் பார்த்து, "அதெல்லாம் நாங்க பாக்க மாட்டோம்மா. நீ வா" என்றார். தடுக்க யாராவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வளைகாப்பு அன்று பச்சைப் பட்டு கட்டி, இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கேளம்பாக்கத்தில் பஸ் மாற வேண்டும். கோவளம் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. வளையல் பையோடு தாம்பரம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினேன். "சரி டீச்சர், ரெஸ்ட் எடு" என்று பதில் வந்தது. நம்பவில்லை என்று தெரிந்தது. கோபமில்லை என்றும் தெரிந்தது.

பெண் குழந்தை. மூன்றாவது மாதத்தில் போய்ப் பார்த்தேன். என்னைக் கேட்காமலே மடியில் வைத்துவிட்டு, அவள் மீன் கழுவப் போய்விட்டாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. கால் மரத்துப்போன பிறகும் நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது என் கணவர் கதவருகில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"பாப்பா எப்படி இருக்கு?"

"முடி நிறைய இருக்குங்க."

"அடுத்த தடவை போறப்ப சொல்லு" என்றார். "நானும் வரேன்."