வயர் பிடித்த சிலுவையம்மாள்

திருவொற்றியூர் உரக் கிடங்குகளில் தரை சுரண்டும் மிஷின் ஓடிய காலத்தில், அந்தச் சத்தம் கேட்டால் சிலுவையம்மாள் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று அர்த்தம். மிஷினை வாங்கியவர் வேலப்பன் மேஸ்திரி, ஓட்டியவன் பீம்ராவ். ஆனாலும் கிடங்குக் காவல்காரர்கள் அதைச் 'சிலுவம்மா மிஷின்' என்றுதான் சொன்னார்கள். இன்று அவளும் இல்லை, மிஷினும் இல்லை. மழைக்கு முந்தின ஈரக்காற்றில் உரவாடை வரும்போது மட்டும் அவள் முகம் நினைவுக்கு வருகிறது.

கப்பலிலிருந்து இறங்கும் உரம் கிடங்குத் தரையில் சிந்தும். கடல்காற்று பட்டு அது பாறையாக இறுகிவிடும். மிஷின் வருவதற்கு முன் அதைக் கைச்சுரண்டியால் பெயர்த்தெடுக்க ஒரு பெண்கள் கூட்டம் இருந்தது. சிலுவையம்மாள் அதில் ஒருத்தி. வாரம் முழுக்க முட்டி போட்டுச் சுரண்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கோவிலில் முட்டி போடும்போது, "இங்கயுமா, ஏசுவே?" என்று முனகுவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் திண்டாடுவார்கள்.

தொண்ணூற்றெட்டில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து வேலப்பன் அந்த மிஷினைக் கொண்டுவந்தார். யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பயன்படுத்திவிட்டுத் தள்ளிய சரக்கு. இரண்டு சக்கரம், இரண்டு கைப்பிடி, நடுவில் மோட்டார். முன்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு எஃகு பிளேடு மாட்டவேண்டும். ஓடினால் பிளேடு அதிர்ந்துகொண்டே முன்னால் போகும், இறுகிய உரம் தோசை மாதிரி பெயர்ந்து வரும். பெண்கள் கூட்டத்தை வேலப்பன் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். ஆனால் மிஷினுக்குப் பின்னால் நீளமான கரண்ட் வயர் ஒன்று இழுபட்டது. அது பிளேடுக்கு அடியில் போனால் உயிர் போகும். யாரும் சொல்லாமலேயே சிலுவையம்மாள் அந்த வயரை எடுத்து வளையம் வளையமாகத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பாவோடு வலைக்கயிறு சுற்றிப் பழகிய கை. வேலை அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது.

பீம்ராவ் புளியந்தோப்புப் பையன். அவளைவிடப் பத்து வயது சின்னவன். இரண்டு பேரும் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பிளேடு மாற்றவேண்டும் என்றால் முதலில் அவள் பிளக்கைப் பிடுங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொள்வாள். சேலைக்கு மேல் அது தெரிந்தால்தான் அவன் பிளேடில் கை வைப்பான். அவன் கையுறையைக் கழற்றி எழுந்து நின்ற பிறகுதான் அது இடுப்பைவிட்டு இறங்கும்.

"யக்கா, உன் இடுப்புல கீறது என் பத்து வெரலு. பத்திரம்."

"வெரலு மட்டுமா நைனா? உன் பொண்டாட்டி தாலியும் இங்கதான் தொங்கிகினு கீது."

சாயங்காலம் மோட்டார் துளைகளில் அடைந்த உரத்தூளைத் துடைப்பது அவள் வேலை. துடைக்காமல் விட்டால் உரம் இரும்பைத் தின்றுவிடும். பிளேடை அரத்தில் தீட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் ஒற்றி எடுப்பது அவன் வேலை. வயரில் கீறல் இருக்கிறதா என்று அவள் விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள், பூக்காரி சரத்தில் வாடின பூவைத் தேடுகிற மாதிரி. ஓடும்போது மிஷினுக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. காவல்காரர் நின்றாலும் விரட்டுவாள்.

ஆயுத பூஜையன்று அந்தக் கிடங்கே சிரிக்கும். கோவில்பக்கமே போகாத பௌத்தன் ஒருவனும், கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒருத்தியும் சேர்ந்து மிஷினுக்குச் சந்தனம் பூசுவார்கள். வேலப்பன் பொரியும் பூசணிக்காயும் வாங்கிவருவார். இரண்டாயிரத்து இரண்டில் பீம்ராவ் பூஜைக்காகவே பிளேடைப் பளபளவென்று தீட்டி மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல நேரம் முடியப்போகிறது என்று வேலப்பன் அவசரப்படுத்தினார். சிலுவையம்மாள் சுத்தியல், அரம், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வாழையிலையில் பரப்பிவிட்டாள்.

"யக்கா, ஸ்பேனர் எங்க?"

"எலையில வச்சுட்டேன். இனிமே நாளைக்குத்தான் எடுக்கணும். சாமி குத்தம்."

"உன் சாமியா, அவர் சாமியா?"

"எந்த சாமியா இருந்தா இன்னா? கம்முனு கெட."

அவன் சிரித்துக்கொண்டே போல்ட்டுகளைக் கையாலேயே முடுக்கிவிட்டு, மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தான். போல்ட் தலைகள்மேல் அவளே சந்தனத்தை அப்பினாள்.

மறுநாள் விஜயதசமி. முதல் ஓட்டத்துக்கு வேலப்பன் புது வேட்டி கட்டி, கற்பூரத் தட்டோடு மிஷினுக்கு நேர் முன்னால் வந்து நின்றார். தீபாராதனையைப் பின்னால் நின்றா காட்டமுடியும்? அன்றைக்கு மட்டும் அவளும் விரட்டவில்லை. பிளக்கைச் சுவரில் சொருகினாள். மிஷின் உறுமிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கியது.

காய்ந்த சந்தனம் அதிர்வில் உதிர்ந்தது. உள்ளே போல்ட் தலை சுற்றிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். ஸ்பேனர் இன்னும் இலையில்தான் இருந்தது. கத்தினாள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முதல் ஓட்டத்தை நடுவில் நிறுத்தினால் வேலப்பன் வேலையைவிட்டே துரத்துவார் என்று அவளுக்குத் தெரியும். பிளேடு கழன்றால் எங்கே போகும் என்பதும் தெரியும். வேட்டிக்குக் கீழே அவர் கால் வெறும் காலாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மே பண்ண?" கற்பூரம் அணைந்த தட்டோடு வேலப்பன் கத்தினார். "மொத ஓட்டமே நின்னுபோச்சே! வருசமே பாழு!"

"போல்ட்டு முடுக்கல மேஸ்திரி."

பீம்ராவ் குனிந்து தொட்டான். ஒரு போல்ட் கையோடு வந்துவிட்டது. "மேஸ்திரி, இன்னும் ரெண்டு அடி ஓடியிருந்தா உன் காலு துண்டா பூட்டிருக்கும்."

"அப்பால முடுக்கிக்கலாம்ல? நல்ல நாளும் அதுவுமா நிறுத்தணுமா?" அவர் முகம் வெளுத்திருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டாரோ என்னவோ. அன்று சாயங்காலமே மழை பிடித்து, கிடங்குக் கூரை ஒழுகி, பாதி வேலை கெட்டது. எல்லாம் அந்த அபசகுனத்தால்தான் என்று முடிவு செய்துவிட்டார். "நீ கொஞ்ச நாள் வூட்லயே கெட."

அவள் வயரைச் சுற்றி வைத்தாள். ஸ்பேனரை இலையில் வைத்தவளே நான்தானே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். டோல்கேட் வரும்வரை வலது கை தன்னை அறியாமல் வயர் சுற்றுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அடுத்த நாளிலிருந்து மீன்காரிகளோடு உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள். மிஷின் போனால் போகட்டும் என்று வாயால் சொன்னாள்.

கிடங்கில் பீம்ராவ் மிஷினைத் தொடவில்லை. "வயர் யாரு புடிப்பா?"

"யாரையாவது இட்டாந்து வுடுறேன்."

"யார் யாரையோ நம்பி நான் கை வைக்கமாட்டேன். நீ வேணா புடி மேஸ்திரி. உன்ன நம்புறேன்."

வேலப்பன் பிடித்தார். முதல் நாள் வயர் காலைச் சுற்றி உரத்திலேயே விழுந்தார். அடுத்த நாள் பிளக்கை வேட்டி மடிப்பில் சொருக, அதன் கனத்தில் வேட்டியே அவிழ்ந்துவிட்டது. காவல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பேஜாரா பூச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே அன்று மத்தியானம் ராயபுரத்துக்கு பஸ் ஏறினார்.

அவள் வீட்டுச் சந்துக்குள் வந்தவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "மிஷினு நின்னுபோய்க் கீது," என்றார்.

"போல்ட்டு முடுக்கியாச்சா?"

"முடுக்கியாச்சு. பீம்ராவு ரெண்டு தபா பாத்தான்."

"இனிமே பூஜைக்கு ஸ்பேனர வைக்கமாட்டேன் மேஸ்திரி. மத்தது எல்லாம் வைக்கிறேன்."

"ஆயுதம் இல்லாம ஆயுத பூஜையா? சாமி கோச்சுக்கும்."

"கோச்சுக்கட்டும். சாமிக்குக் காலு போவாது. உனக்குப் போவும்."

வேலப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, கெளம்பு."

"இந்த மீன ஆஞ்சி முடிக்கணும். கொழம்பு வச்சுட்டு வர்றேன்."

கடுமையான வெயில். அவர் பக்கத்து வீட்டுப் படிமேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். மேஸ்திரி காத்திருக்கிறாரே என்று சிலுவையம்மாள் அவசரப்படவில்லை. செதில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஆய்ந்தாள். குழம்பு கொதித்ததும் அவருக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டினாள். சாப்பிட்டு முடித்ததும் வேலப்பன் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.