கட்டன் ஆனந்தியும் அவள் மாமியாரும்

தேவிகுளத்துக்கு மேலே சோலைமட்டம் தேயிலை டிவிஷனில் போய் ஆனந்தி வீடு எது என்று கேட்டால் ஒருத்தரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். பேக்டரியில் தூள் சலிக்கிற ஆனந்தியா, ஜீப் ஓட்டுற செல்லத்துரை பெண்டாட்டியா என்று நம்மையே திருப்பி விசாரிப்பார்கள். கட்டன் ஆனந்தி என்று கேளுங்கள், சின்னப்பிள்ளைகூட தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் மூணாவது லயத்துக் கடைசி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். விட்டுவிட்டு ஒரு வாய் சாயா கிடைக்குமென்று நிற்காமல் ஓடியும் போகும். அந்த வீட்டுச் சாயா லட்சணம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அங்கே பால் கிடையாது. தயிர், மோர், நெய் கிடையாது. கறி, மீன், முட்டை என்ற பேச்சே கிடையாது. தேன்கூடக் கிடையாது, தேனீ பாவமாம்! இதற்கு வீகன் என்று ஒரு பேர் உண்டு என்பதே ஆனந்திக்குப் பின்னால்தான் தெரியும். பேர் தெரியாமலே அவள் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தாள். லயத்துக்காரர்கள் அதற்குத் திமிர் என்று பேர் வைத்திருந்தார்கள். திமிரெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு மாடுதான் காரணம்.

செவலை என்று ஒரு பசு. ஆனந்தியின் மாமியார் சுருளியம்மாள் கொழுந்து கிள்ளி ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்தபோது, கம்பெனி கொடுத்த பணத்தில் வேறு எதையும் யோசிக்காமல் வாங்கிய மாடு. அவள் வயசுக்காலத்தில் லயத்தில் பால் ஏது? விடிந்தால் பாலில்லாத கட்டன் சாயா, மலையில் வேலைக்கு நடுவில் கட்டன் சாயா, ராத்திரிக் கப்பக்கிழங்குக்கும் அதே கட்டன் சாயா. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் பால் ஊற்றிய சாயாவை முதன்முதல் குடித்தது செல்லத்துரையைப் பெற்றுப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான். யாரோ ஒரு நர்ஸ் வாங்கிக் கொடுத்தாளாம். அதைச் சொல்லும்போதெல்லாம் நாக்கால் உதட்டை ஒரு தடவு தடவிக்கொள்வாள். செவலை வந்தபிறகு மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட விடமாட்டாள். "இருய்யா, பால்சாயா குடிச்சிட்டுப் போ" என்பாள். அந்தப் 'பாலை' அவள் அழுத்திச் சொல்லுகிற தோரணை இருக்கிறதே, எஸ்டேட் மேனேஜர் பங்களாவிலேயே அப்படி ஒரு தோரணை கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் செவலை காளைக்கன்று போட்டது. விடாத மழை, எலும்புக்குள் ஏறுகிற குளிர். கன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கன்றைக் காணாத மாடு பாலை இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. சொசைட்டிக்குப் பால் ஊற்றியாக வேண்டுமே! சுருளியம்மாள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். பின்லயத்துச் சூசையப்பனைக் கூப்பிட்டுச் செத்த கன்றின் தோலை உரிக்கச்சொல்லி, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, நாலு குச்சியில் கொட்டிலுக்குள் நிறுத்தினாள். மாடு அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கிற்று. மாடு வளர்க்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், கொடுமை செய்கிறோம் என்று நினைத்து யாரும் செய்வதில்லை. ஆனால் தினமும் செம்பை இடுக்கிக்கொண்டு கறக்க உட்கார்ந்தவள் ஆனந்தி. நக்கி நக்கித் தோலில் ஒரு இடம் மயிரெல்லாம் போய் வழுக்கையாவதைப் பார்த்துக்கொண்டே கறந்தாள். ஒருநாள் தையல் விட்டு வைக்கோல் பிதுங்கியது. மாடு கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது. அப்புறம் அந்த வைக்கோலைத் தின்ன ஆரம்பித்தது.

ஆனந்தி செம்பை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதோடு பால் சரி, அப்புறம் கறி, முட்டை, தேன் என்று ஒவ்வொன்றாக விட்டாள்.

"கறக்கவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன்னா மாடு என்ன வேடிக்கை காட்டவா நிக்குது?" என்று செல்லத்துரை குதித்தான். நான் தீவனம் போடுறேன், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் என்று இவள் சொன்னாள். ஒருநாள் பேக்டரியிலிருந்து வந்து பார்த்தால் கொட்டில் காலி. அடிமாட்டு வியாபாரியிடம் ஏற்றிவிட்டான். சுருளியம்மாள் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் வேலைமெனக்கெட்டு வந்து, "நீ பாலை விட்ட, மாடு வெட்டுக்குப் போச்சு. ரொம்பப் புண்ணியம்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாடு போய் ஒரு வருஷம் கழித்துத்தான் ஜின்சி வந்து சேர்ந்தாள். எர்ணாகுளத்துப் பெண், மூணாறில் வீடெடுத்துத் தங்கி வீகன் பிரசாரம் செய்கிறவள். செல்லத்துரை ஜீப்பில் சவாரி வந்தபோது அவன்தான் வாயைக் கொடுத்தான். "எம் பொண்டாட்டியும் உங்கள மாதிரி ஒரு லூசுதான் மேடம்." அன்றைக்குச் சாயங்காலமே அவள் லயத்துக்கு வந்து ஆனந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, நீங்க ஆரும் சொல்லாம தானாவே வீகன் ஆயிட்டீங்க!" திமிர், கிறுக்கு, ஐயரூட்டு மருமக என்று எத்தனையோ கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனந்தி அன்று ராத்திரி ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அப்புறம் என்ன, பிரசாரம்தான். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கிளப்பில் கூட்டம். ஆனந்தி கை வலிக்கத் தேங்காய் துருவிப் பாலெடுத்து ஒரு அண்டா சாயா போட்டாள். பலாக்காய் பிரியாணி ஒரு பெரிய சட்டி. ஜின்சி மாட்டுப் பண்ணைப் படமெல்லாம் காட்டினாள். ஜனங்கள் பிரியாணியை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள், அதில் குறை சொல்லமுடியாது. சாயாதான் அண்டாவிலேயே நின்றது. "யாராவது ஏதாவது பேசுங்க" என்று ஆனந்தி கெஞ்சியபோது சாந்தம்மாள் எழுந்தாள்.

"எங்காத்தா ஆயுசு முழுக்கக் கட்டன் குடிச்சே செத்தா. கொள்கைக்காக இல்ல, பால் வாங்க வக்கில்லாம. எனக்கு இப்பத்தான் நாலு வருஷமா காலையில ஒரு டம்ளர் பால்சாயா. அதையும் கீழ வையிங்கிறியே, உனக்கு வாய் கூசல?"

கிளப்பே கைதட்டியது. ஜின்சிக்குப் பாதி புரியவில்லை. ஆனந்திக்கு முழுக்கப் புரிந்தது. அவளும் அதே லயத்தில் அதே கட்டனில் வளர்ந்தவள்தானே! ஆனாலும் அந்த வழுக்கை விழுந்த தோல் கண்ணை விட்டுப் போனால்தானே. இரண்டு பக்கமும் நியாயமிருந்தால் மனுஷி எங்கே போய் நிற்பாள்? அவள் பிடிவாதத்தில் போய் நின்றாள். வீடு வீடாகப் போனாள். கோயில் திருவிழாவில் கிடா வெட்ட வேண்டாம் என்று கமிட்டியில் கேட்டு அசிங்கப்பட்டாள். இத்தனைக்கும் ஒரே ஒரு வீடுகூட மாறவில்லை. அவளைக் கண்டால் பெண்கள் தண்ணிப் பைப்படியில் பேச்சை நிறுத்திக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் சுருளியம்மாள் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். கிழவி அடுப்படிக்குப் போய்வந்த காலம் அதோடு முடிந்தது. அதுவரைக்கும் தனக்கென்று ஒரு பாக்கெட் பால் வாங்கித் தானே காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தவள், இப்போது மருமகள் கொண்டுவந்து வைப்பதைத்தான் குடிக்கவேண்டும். முதல்நாள் கட்டனை வைத்தபோது டம்ளரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். குடித்தாள். மறுநாளும் குடித்தாள். ஒரு வாரம் போனபிறகு ஆனந்தி கேட்டாள், "அத்தை, உங்களுக்கு இது புடிச்சிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு தாயி."

ஆனந்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பீ மூத்திரம் அள்ளுகிறவளிடம் கிழவி வேறு என்னத்தைச் சொல்வாள் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஊரே ஒதுக்கிவைத்தாலும் தன் மாமியார், மாட்டைக் கட்டி மேய்த்த அதே கிழவி, தன் பேச்சைக் கேட்டு மனசார மாறிவிட்டாள் என்பது ஒன்றுதான் அவளை நிமிர்ந்து நடக்கவைத்தது. அது போனால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஜின்சி கேள்விப்பட்டு ஓடிவந்து போனில் படம் பிடித்தாள். "பாட்டி, பாலை விட்டாச்சா?" "விட்டாச்சு தாயி." "கஷ்டமா இருக்கா?" "பழகிருச்சு." தேயிலைத் தோட்டத்து வீகன் பாட்டி என்று அது எங்கெங்கேயோ சுற்றியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கும்பிடு போட்டிருந்தார்கள். ஆனந்தி அதைக் காட்டியபோது கிழவி தன் முகத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேசுறா" என்றாள், வேறு யாரையோ சொல்வதுபோல.

மூணு வருஷம் இப்படிப் போனது. போன மழைக்காலத்தில் கிழவிக்கு மூச்சிரைப்பு வந்து, சோறு இறங்காமல் போய், தேனிப் பக்கத்துச் சொந்தங்களுக்குச் சொல்லியனுப்பும்படி ஆகிவிட்டது. செல்லத்துரை அவர்களைக் கூட்டிவரப் போடிமெட்டுக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு போன காலையில் வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"ஆனந்தி."

"என்ன அத்தை?"

"ஒரு வாய் பால்சாயா குடு."

ஆனந்தி அடுப்படிக்குப் போனாள். தேங்காய்ப்பாலை ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, வாசம் தெரியாதபடி சர்க்கரையை அள்ளிக் கொட்டி ஆற்றிக்கொண்டு வந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வாயில் வைத்தாள். கிழவி ஒரு மடக்கு வாங்கினாள். விழுங்கவில்லை. கடைவாய் வழியாக வழியவிட்டாள்.

"தேங்கா" என்றாள்.

"அத்தை..."

"ஏண்டி, எனக்கு நாக்கும் செத்துப்போச்சுன்னு நெனச்சியா? சாந்தம்மா வீட்டுல மாட்டுப்பால் இருக்கும். போய் வாங்கு."

"நீங்கதான விட்டாச்சுன்னு சொன்னீங்க?"

"நீ ஊத்தல, நான் குடிக்கல. இதுல விட்டது யாரு?" மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினாள். "எந்திரிச்சு அடுப்புகிட்ட நடக்க முடிஞ்சா உங்கிட்ட ஏன் கேக்கேன்?"

ஆனந்தி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் வந்தாள். சாந்தம்மாள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது, அடுப்பில் பால் பொங்குகிற வாசனைகூட வந்தது. போய்க் கேட்டால் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு, கட்டன் ஆனந்தி பால் வாங்க வந்தாள் என்று பைப்படியில் ஒன்பது ஊருக்குச் சொல்வாள். மூணு வருஷம் நிமிர்ந்து நடந்ததெல்லாம் ஒரு டம்ளரில் போய்விடும். அந்த நேரத்தில் அவளுக்கு மாடும் ஞாபகமில்லை, கன்றும் ஞாபகமில்லை. சாந்தம்மாள் முகம்தான் கண்ணில் நின்றது. அதுவும் அவளுக்கே நன்றாகத் தெரிந்தது, அதுதான் கொடுமை.

திரும்பி உள்ளே வந்தாள். "சாயங்காலம் பாக்கலாம் அத்தை. இப்ப நெஞ்சுல சளி கட்டும்."

கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜீப் வந்து நின்றபோது உயிர் இல்லை.

சாகப்போகிற உயிருக்குப் பால் ஊற்றி அனுப்புகிற ஜனம். உயிரோடிருக்கும்போது ஊற்ற முடியாமல் போயிற்றே என்று தேனிக்காரர்கள் மாரிலடித்துக்கொண்டார்கள். சாந்தம்மாள்தான் ஒரு செம்பு நிறையப் பால் கொண்டுவந்தாள். அழுதுகொண்டேதான் கொண்டுவந்தாள், அவளைக் குறை சொல்லக்கூடாது. ஒவ்வொருத்தராக ஒரு கரண்டி எடுத்து உதட்டில் விட்டார்கள். கட்டிய வாய்க்குள் எங்கே போகும்? கன்னத்தில் வழிந்து தலையணையில் ஊறியது. ஆனந்தி முறை வந்தபோது லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவள் கரண்டியை வாங்கினாள். ஊற்றினாள். இன்னொரு கரண்டி எடுத்து ஊற்றினாள். இன்னொன்றும் எடுத்தாள். "போதும்டி, செம்பு காலியாயிரும்" என்று சாந்தம்மாள் கையைப் பிடித்து நிறுத்தும்வரைக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஜின்சி வந்தாள். உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "பாட்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை பறயுங்க சேச்சி. எத்தர பேரு கேக்குறாங்க தெரியுமா?"

ஆனந்தி போனைப் பார்த்துச் சொன்னாள். "கடைசி நாளு காலையில எங்க அத்தை பால்சாயா கேட்டுச்சு. நான் குடுக்கல."

ஜின்சி மெதுவாகப் போனைக் கீழே இறக்கினாள். பிறகு ஆனந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேண்டா சேச்சி. ஆளுக தப்பா எடுப்பாங்க. நம்ம இத்தர நாள் செஞ்சது எல்லாம் போயிரும். பொய் ஒண்ணும் பறய வேண்டா. உள்ளதையே வேற மாதிரி சொன்னா போதும்."

ஆனந்தி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் எங்க அத்தை ஒரு சொட்டுப் பால் குடிக்கல" என்றாள்.

அதை ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள். செல்லத்துரை இப்போதெல்லாம் ஜீப்பில் ஏறுகிறவர்களிடம், "எங்கம்மா பயங்கர வைராக்கியக்காரி சார்" என்று சொல்லி அந்த வீடியோவைத்தான் எடுத்துக் காட்டுகிறான்.