ஐம்பத்திரண்டு கிலோ நடுவர்

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கோவிந்தனின் மூக்கு உடைந்தது. உடைத்தது சந்திரனின் நெற்றி. இடம், அடுகோடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடை. மணமக்கள் உட்காரும் இடத்தில் அன்று ஒன்பது ஆண்கள் ஜட்டியோடு, உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு நின்றிருந்தார்கள். உள்ளூர் ஆணழகன் போட்டி, எழுபத்தைந்து கிலோ பிரிவு. ஏழு நடுவர்களில் கோவிந்தன் ஒருவர்.

அன்று காலை அவர் எடை ஐம்பத்திரண்டு கிலோ முந்நூறு கிராம். உயரம் ஐந்தடி எட்டங்குலம், வயது நாற்பத்தொன்பது. மற்ற ஆறு நடுவர்களும் ஒரு காலத்தில் மேடையேறியவர்கள். கோட்டுப் பொத்தான் போடமுடியாத ஆட்கள். அவர்களுக்கு நடுவே கோவிந்தன் உட்கார்ந்திருந்தால், யாரோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனது போலிருக்கும்.

ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். உடற்கூறியலில் எம்.எஸ்ஸி. வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், பிணம் அறுக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுத்துவந்தார். மனித உடம்பில் எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

2011இல் சந்திரன் அவரைத் தேடி வந்தான். அடுகோடியில் ஜிம் வைத்திருந்தவன். கழுத்து தலையைவிட அகலம்; படிப்பு எட்டாவது. சுவரில் சான்றிதழ் தொங்கினால்தான் ஐ.டி. ஆட்கள் பணம் கட்டுகிறார்கள், பரீட்சையில் தசைகளின் பெயரைக் கேட்கிறார்கள், நம்ம பயிற்சியாளன் ஒருத்தனும் தேற மாட்டேன் என்கிறான் என்று சொன்னான். கோவிந்தன் ஞாயிறுதோறும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்தோரு பேர் தேறினார்கள். சான்றிதழ்கள் வரிசையாகச் சுவரேறின. மரியாதை மட்டும் வந்து சேரவில்லை.

“மாஸ்டர், உங்க பைசெப்ஸ் எங்க? ஊருக்குப் போயிருக்கா?”

“சும்னே இரு குரு,” என்று கன்னடத்தில் அடக்குவான் இன்னொருத்தன். “அவரு சதையெல்லாம் காலேஜ்ல பாட்டில்ல இருக்கு.”

கோவிந்தனும் கூடச் சிரித்துவிடுவார். 2013 ஜூலை 7 அன்று சிரிக்க முடியவில்லை. முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கிய ஒருவரைச் சந்திரன் நூறு கிலோ தூக்கச் சொன்னான். கோவிந்தன் கூடாது என்றார். சந்திரன் அவரைச் சட்டைக் காலரோடு தூக்கி, குத்துமூட்டை தொங்கும் கொக்கியில் மாட்டிவிட்டான். நாலு நிமிடம் தொங்கினார். சுற்றி நின்று கைதட்டினார்கள். காலர் கிழிந்து விழுந்ததில் முன்பல் உதட்டைத் துளைத்தது, மூன்று தையல். மறுவாரம் சந்திரன் பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டு வாசலில் நின்றான். “கோவம் வெச்சுக்காதீங்க மாஸ்டர். இருபத்தொண்ணாந் தேதி பசங்களுக்கு எக்ஸாம்.”

கோவிந்தன் போனார்.

“அங்க போய் எதுக்கு அடி வாங்கறீங்க?” என்று மனைவி வனஜா கேட்டாள். “காலேஜ்ல பொணமாவது கைய கால வெச்சிக்கிட்டு சும்மா கெடக்கும்.”

அதுதான் காரணம் என்று அவளிடம் அவர் சொல்லவில்லை. ஃபார்மலினில் ஊறிய தசை அசையாது. எத்தனை முறை சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினாலும் செத்தது செத்ததுதான். மேடையில் அதே தசை, அதே இடத்தில், தோலுக்கடியில் மீன் திரும்புவது போலத் திரும்பும். அதைப் பார்க்கத்தான் அவர் போனார். 2015இல் நடுவர் தேர்வு எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கினார். அந்த வருடம் அதுதான் முதல் மதிப்பெண்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

“ஃப்ரண்ட் டபுள் பைசெப்ஸ்!” என்று தலைமை நடுவர் ரகுராம் மைக்கில் கூப்பிட்டார். ஒன்பது பேரும் இரண்டு கைகளையும் உயர்த்தி மடக்கினார்கள். நான்காவதாக நின்றவன் அருண்குமார். வயது இருபத்தேழு. சந்திரன் ஜிம்மின் பயிற்சியாளன், கோவிந்தனிடம் படித்துத் தேறிய நாற்பத்தோராவது ஆள். கூட்டத்தில் பாதி அவனுக்காக வந்தது.

அவன் இடது கையில் தசை உருண்டு மேலேறியது. வலது கையில் ஏறவில்லை. பத்தொன்பது அங்குலப் புடைப்பு, மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே இடத்தில், தலையணை உறைக்குள் போட்ட தேங்காய் மாதிரி நின்றது. தசையைப் பெருக்கிக் காட்டப் போடும் எண்ணெய் ஊசி. கோவிந்தனுக்கு அது புதிதல்ல. இப்படி ஊதவைத்த கைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அன்று பார்வை நகரவில்லை. வியர்வையில் சாயம் கரைந்த அக்குளில் ஒரு சிவப்புக் கோடு மார்பை நோக்கி ஓடியது. முழங்கை முழுதாக நீளவில்லை. மண்டபமே புழுங்கிக்கொண்டிருக்க, அவனுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. அது ரத்தத்தில் இறங்கினால் கை போகும், இல்லையென்றால் ஆளே போவான்.

கோவிந்தன் எழுந்து ரகுராமிடம் போனார். “சார், நாலாம் நம்பர நிறுத்துங்க. ஒடனே ஆஸ்பத்திரி போகணும்.”

“மார்க் போடுங்க சார். டாக்டர் வேலை பாக்காதீங்க.”

“நான் டாக்டர் இல்ல. ஆனா அந்தக் கைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“டாக்டர் இல்லேல்ல? அதான் சொல்றேன். உக்காருங்க.”

போட்டிக்கென்று ஏற்பாடு செய்திருந்த டாக்டர், குத்துவிளக்கேற்றி, சால்வை வாங்கிக்கொண்டு, நாலரை மணிக்கே கிளம்பிவிட்டிருந்தார். கோவிந்தன் உட்காரவில்லை. மேடையேறிப் போட்டியாளரைத் தொட எந்த நடுவருக்கும் அனுமதியில்லை என்பது அவருக்குத் தெரியும். ஏறினார். அருண்குமாரின் வலது புயத்தில் இரண்டு விரல்களை வைத்தார். தோசைக்கல் சூடு. அழுத்தி எடுத்த இடத்தில் இரண்டு குழிகள் அப்படியே நின்றன.

அருண்குமார் அலறினான்.

அந்த அலறலில்தான் சந்திரன் மேடைக்குத் தாவினான். முதல் மோதலிலேயே மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் முதல் வரிசைக்குக் கேட்டது. “எங்க பையன் மேல கை வெக்கறியாடா, எலும்புக்கூடு! எவன்டா உனக்குக் காசு குடுத்தான்?”

“கைல சீழ்... ஆஸ்பத்திரிக்கு...” என்றார் கோவிந்தன். வாயில் ரத்தம் வழிந்தது.

“படிச்ச திமிரு! சட்டையக் கழட்டுடா! உன் பாடியக் காட்டிட்டு அப்பறம் பேசு!”

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. “கழட்டு! கழட்டு!” நாலைந்து பேர் மேடையேறினார்கள். கோட்டு ஒரு பக்கம் போயிற்று, சட்டை இரண்டாகக் கிழிந்தது. அவரை இரு கைகளையும் விரித்துப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். ஒருவன் விலா எலும்புகளை விரலால் குத்திக் குத்தி எண்ணினான். “ஒண்ணு, ரெண்டு, மூணு... டேய், எல்லாம் சரியா இருக்குடா!” மண்டபம் வெடித்துச் சிரித்தது. நூறு கைப்பேசிகள் உயர்ந்தன. யாரோ சாய டப்பாவைத் தலையில் கவிழ்த்தார்கள்; கண் எரிந்தது. சந்திரன் முழங்காலால் ஓங்கி ஒன்று விட்டான். உள்ளே கரும்பு ஒடிவது போலக் கேட்டது. இடப்பக்கம், ஏழாவது என்று கோவிந்தன் மனதில் குறித்துக்கொண்டார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் எட்டாவதும் ஒடிந்திருந்தது.

“ஆஸ்பத்திரி,” என்றார் மறுபடியும்.

ரகுராம் மைக்கில் அமைதி, அமைதி என்று கத்திக்கொண்டே மேசைக்குப் பின்னால் நின்றார். நூற்றுப்பத்து கிலோ மனிதர். ஓரடி முன்னால் வரவில்லை.

“அருணு, இங்க வாடா,” என்றான் சந்திரன். “நீயே ஒண்ணு குடு. எண்ணெயா சதையான்னு மாஸ்டருக்கு மூஞ்சில தெரியட்டும்.”

அருண்குமார் தயங்கினான். அவன் கண்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன. மேடையில் தசை எடுப்பாகத் தெரிய ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவன்.

“வேண்டாம்ப்பா,” என்றார் கோவிந்தன். “அந்தக் கையால மட்டும் வேண்டாம். இடது கையால அடி.”

கூட்டம் ஊளையிட்டது. அந்த ஊளை தாங்காமல் அவன் வலது கையையே ஓங்கினான். குத்து தாடையில் விழுந்தது. பலமே இல்லாத குத்து. கோவிந்தனின் தலை கொஞ்சம் திரும்பியதோடு சரி. அருண்குமாரின் புயத்தில்தான் உட்புறத் தோல் நாலங்குலம் கிழிந்தது. மஞ்சளும் பச்சையுமாக, எண்ணெய் மிதக்க, சீழ் அவன் வயிற்றிலும் தொடையிலும் வழிந்து மேடைக் கம்பளத்தில் சொட்டியது. நாற்றம் மூன்றாவது வரிசை வரை போனது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அருண்குமார் தன் கையை யாருடைய கையையோ போலப் பார்த்தான். அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்தான்.

சந்திரன் பயந்து போனான். பயத்தில் செய்யக்கூடாததைச் செய்தான். “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, பிதுக்கிட்டா சரியாப்போவும்,” என்று இரண்டு கைகளாலும் அந்தப் புயத்தைப் பிடித்து அழுத்தினான்.

“அழுத்தாத! ரத்தத்துக்குள்ள போயிடும்! விடு!”

அவன் காதில் ஏறவில்லை. கோவிந்தனின் கைகளை இருவர் இன்னும் பிடித்திருந்தார்கள். அவர் உடம்பை முன்னே எறிந்தார். கைகளைப் பிடித்தவர்களும் சேர்ந்து சரிய, சந்திரனின் மணிக்கட்டு அவர் வாய்க்கு எட்டியது. கடித்தார். நாற்பத்தொன்பது வருடத்தில் அவர் இன்னொரு மனிதனைக் காயப்படுத்தியது அந்த ஒரு முறைதான். பல் எலும்பில் இடிக்கும் வரை விடவில்லை. சந்திரன் கத்திக்கொண்டு அவர் தலையில் குத்தினான், ஐந்தோ ஆறோ குத்து. கடைசியில் அருண்குமாரின் கையை விட்டான்.

“சுத்தமான துணி லேசா சுத்துங்க. இறுக்காதீங்க. தூக்குங்க,” என்றார் கோவிந்தன், சந்திரனின் ரத்தத்தைத் துப்பிவிட்டு. இந்த முறை தூக்கினார்கள். ரகுராமின் காரில்தான் போனார்கள். ஆறு மணி இருபத்தாறு நிமிடத்துக்கு வண்டி கிளம்பியது. பின்சீட்டில் அருண்குமாரின் தலை, சட்டையில்லாத கோவிந்தனின் ஒடிந்த விலாவின் மேல் கிடந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இருவரும் கத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை. மேடைக் காட்சியில் நாற்பது விநாடி ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றியது. விலா எலும்பு எண்ணுவது வரை இருந்தது, கை கிழிந்தது இல்லை. ஆணழகன் சங்கம் நடுவர் பட்டியலிலிருந்து கோவிந்தனை நீக்கியது. காவல் நிலையத்தில் சந்திரன், தன்னைக் கடித்ததாகப் புகார் கொடுத்தான். சப் இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார், பிறகு கோவிந்தனைப் பார்த்தார். “இவரா? உன்னையா?” என்றார். தலைமைக் காவலர் திரும்பி நின்று சிரித்தார். அருண்குமாரின் அக்கா பாஞ்சாலி மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கோவிந்தனின் முகத்துக்கு நேரே, “நீ தொட்டதாலதான்யா என் தம்பி கை வெடிச்சுது. நல்லா இருப்பியா நீ?” என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தினாள். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு மறுநாளும் போனார்.

நான்கு அறுவை சிகிச்சைகள். கை தப்பியது. வலது பைசெப்ஸில் பெரும்பகுதி அழுகிப்போனதால் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 29 அன்றுதான் அருண்குமார் அவரிடம் முதல்முறையாகப் பேசினான். சாப்பாட்டுத் தட்டு மடிமேல் இருந்தது, தொடவில்லை.

“டாக்டருங்க ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. சதை திரும்ப வருமா மாஸ்டர்?”

“வராது.”

“கொஞ்சங்கூட?”

“வராது அருண். ஆனா அதுக்கு அடில இன்னொண்ணு இருக்கு. உனக்குப் பாடம் எடுத்திருக்கேன். பிரேக்கியாலிஸ். முழங்கைய மடக்கறது முக்காவாசி அதுதான். அது போகல. நான் ரிப்போர்ட்டப் படிச்சேன்.”

“வெளிய தெரியுமா?”

“தெரியாது.”

“வெளிய தெரியாத சதைய வெச்சிக்கிட்டு என்ன புடுங்கறது?”

“சோறு தின்னலாம்.”

தட்டு பறந்து வந்தது. இடது கையால் எறிந்திருந்தான். விளிம்பு கோவிந்தனின் விலாக் கட்டின் மேல் பட்டு, சாம்பார் சட்டை முழுக்க வழிந்தது. வலியில் அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார். பாஞ்சாலி ஓடிவந்தாள். அருண்குமார் சுவர்ப்பக்கம் திரும்பிப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். உள்ளே அழுகை குலுக்கியது.

கோவிந்தன் நிமிர்ந்து, துடைத்துக்கொள்ளத் துணி கேட்டார். பாஞ்சாலி எடுத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டே பார்த்தபோது போர்வைக்குள், வலது பக்கம், ஏதோ அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. முழங்கை மடங்கிக்கொண்டிருந்தது. முப்பது டிகிரி. பிறகு நாற்பது இருக்கும். அங்கிருந்து நடுங்கி இறங்கிவிட்டு, இன்னொரு தரம் ஏறத் தொடங்கியது.