பயணம் சொல்லிவிட்டுப் போனவள்

விடைத்தாள் திருத்தும் முகாமில் கைப்பேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அன்று தஞ்சாவூரில் இயற்பியல் தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளையில் வாங்கிப் பார்த்தால் சிராஜ் அண்ணன் வரிசையாக அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன். "தங்கச்சி, ஜொஹரா மௌத்தாயிருச்சும்மா. சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம்ங்கிறாங்க. வந்துரு," என்றார். மனைவியை இழந்த மனிதர், நான் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். முகாம் அலுவலரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று இப்போதும் நினைவில்லை. மன்னார்குடிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்துதான் அழுதேன்.

மன்னார்குடி சாலையில் 'ஜொஹரா மோட்டார் வைண்டிங்' என்ற பலகையைக் கடந்து போனவர்களுக்கும், எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை அங்கே கொண்டுபோய் இறக்கியவர்களுக்கும் அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கூத்தாநல்லூர்க்காரி. என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு, பிளஸ் ஒன் வேண்டாம் என்று எலக்ட்ரிகல் டிப்ளமா படிக்கப் போனவள். சுற்றுவட்டாரத்து மோட்டார்களுக்குக் கடைசி வரை காயில் கட்டியவள்.

வீட்டுக்குள் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அதே தெருவில் குடியிருக்கும் உறவுக்கார மாமி ஒருவர் என் காதோடு சொன்னார்: "ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு வாங்குன புள்ளம்மா. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்திருந்தா இந்நேரம் டாக்டரு. டிப்ளமாவுல போய் விழுந்து வாழ்க்கையே பாழாப் போச்சு." அவள் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அங்கே அடக்கியதை இங்கே எழுதுகிறேன். மாமி, நீங்களும் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பாழாகவில்லை. ஒரு மண்ணும் பாழாகவில்லை.

நாங்கள் பத்தாவது முடித்த காலத்தில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்தது. ஜொஹரா வீட்டுத் தெருவில் பாதி ஆண்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போகிறவர் கிளம்புவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் 'பயணம் சொல்லிவிட்டு' வர வேண்டும். நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று எல்லோரும் கை ஏந்தி துஆ செய்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கள் பிள்ளைக்கு ஊறுகாயும் வத்தலும் கட்டிக் கொடுப்பார்கள். தெரு முழுக்கப் பயணம் சொன்ன பிறகு போகாமல் இருந்துவிட்டால் அதைவிட மானக்கேடு வேறில்லை. விசா தள்ளிப்போன ஒருவர், வெளியே தலைகாட்டக் கூசிக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஜொஹராவின் அத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், கோபக்காரர். மகள் பாலிடெக்னிக் என்றதும், "அது ஆம்பளப் புள்ளைங்க வெளிநாட்டுக்குச் சபர் போறதுக்குப் படிக்கிற படிப்பு. உனக்கு என்னத்துக்கு? பிளஸ் டூ முடி, மாப்பிள்ளை பாக்குறேன்," என்றார். தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டு, இவ்வளவு மதிப்பெண் வாங்கியவள் டிப்ளமாவுக்குப் போவது பள்ளிக்கே அவமானம் என்றார். மதிப்பெண் குறைந்தவர்கள்தான் பாலிடெக்னிக் போவார்கள் என்பது அன்றைய சட்டம். இன்று மட்டும் என்ன வாழ்கிறது? ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு அவளை வைத்துப் பெயர் வாங்க வேண்டியிருந்தது. நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அத்தா கடைக்குப் போன பிறகு, பக்கத்து ஊரில் இருந்த என்னை ஜொஹரா கூப்பிட்டுவிட்டாள். நல்ல பாவாடை தாவணி கட்டி, தலையில் முக்காடு போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி நின்றாள். "வாடி, பயணம் சொல்லிட்டு வருவோம்," என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்டேன். "தஞ்சாவூருக்குத்தான்."

முதல் வீட்டிலிருந்து தொடங்கினோம். "மாமி, நான் பயணம் போறேன். எலக்ட்ரிகல் படிக்கப் போறேன். துஆ செய்ங்க." அவர்களுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. பெண்பிள்ளை பயணம் சொல்லி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. ஆனால் பயணம் என்று வாசலில் வந்து நின்றுவிட்டால் துஆ செய்யாமல் அனுப்ப முடியாது. கை ஏந்தித்தான் ஆக வேண்டும். ஏந்தினார்கள்.

கதீஜா பெரியம்மா வீட்டில்தான் வேடிக்கை. பயணம் என்ற சொல் காதில் விழுந்த உடனே அவர் அடுக்களைக்குள் ஓடினார். மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலும் சுண்டைக்காய் வத்தல் பொட்டலமுமாகத் திரும்பி வந்தார். "என் மவன்கிட்ட குடுத்துரும்மா. துபாய்ல சோறு எறங்க மாட்டேங்குதாம்."

"பெரியம்மா, நான் தஞ்சாவூர்தான் போறேன்."

"போற வழிதானேம்மா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜொஹரா சிரிக்கவில்லை. "வழிதான் பெரியம்மா," என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். விடுதியில் சேர்ந்த பிறகு, கூடப் படித்த ஒருத்தியின் அண்ணன் துபாய் போகிறார் என்று தெரிந்து அவரிடம் கொடுத்தனுப்பினாள். ஊறுகாய் வந்து சேர்ந்தது என்று பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் சொன்னாராம். அதன் பிறகு பெரியம்மா முன்னால் ஜொஹராவை யாரும் ஒரு வார்த்தை குறைத்துப் பேச முடியவில்லை.

அன்று மாலை அத்தா கடையிலிருந்து திரும்பி வரும்போது தெருவே அவரை வாழ்த்தியது. "மவ பயணம் போவுதாமே, நல்லபடியா போயிட்டு வரட்டும்." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்ன கத்தினாரோ, எனக்குத் தெரியாது. நான் அதற்குள் எங்கள் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். மறுவாரம் அவரே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளைத் தஞ்சாவூரில் விட்டுவந்தார்.

கிளம்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் அவள் வந்தாள். எங்கள் வீட்டில் கதை தலைகீழ். அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். அப்போதுதான் கொஞ்சம் குத்தகை நிலம் பிடித்திருந்தார். எனக்கு இயற்பியல் பைத்தியம். அப்பாவுக்கோ சீக்கிரம் வேலை கிடைக்கிற படிப்பு வேண்டும். அதனால் என்னை டிப்ளமாவில் சேர் என்று நின்றார். ஜொஹரா நேராக அவரிடம் போனாள். "மாமா, எனக்கு டிப்ளமா புடிச்சிருக்கு, செல்விக்குப் புடிக்கல. அவளுக்கு பிசிக்ஸ் புடிச்சிருக்கு. மோட்டார் ஏன் ஓடுதுன்னு அவ படிக்கட்டும். எரிஞ்சா நான் கட்டுறேன். ரெண்டும் படிப்புதான் மாமா." அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே அவளையே பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன்.

டிப்ளமா முடித்தவளுக்கு அடுத்த தொல்லை வந்தது. டிப்ளமா படித்தால் சபர் போக வேண்டும், போகாவிட்டால் எதற்கு டிப்ளமா என்று கேட்டார்கள். துபாயில் இருந்த சிராஜ் அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவரோடு அங்கே போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரை இங்கே வரவழைத்துப் பட்டறையைத் திறந்துவிட்டாள். காவிரியில் தண்ணீர் நேரத்துக்கு வராத வருடங்கள் அவை. வசதியுள்ளவர்கள் எல்லாம் போர் போட்டு மோட்டார் இறக்கினார்கள். அழுத்தம் குறைந்த மின்சாரத்தில் மோட்டார்கள் எரிந்துகொண்டே இருந்தன. நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும்போது மோட்டாருக்காகத் திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் அலைந்தவர்களுக்குத்தான் அவள் பட்டறையின் அருமை தெரியும். பட்டறைக்குள் நுழைந்தால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பாள். கல்லாவில் சிராஜ் அண்ணன். "உங்க வீட்டுக்காரர் ரிப்பேர் பாக்க மாட்டாராம்மா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அவரு படிக்கலீங்க, நான்தான் படிச்சேன்," என்றாள். சிராஜ் அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

போன வருடம் நோய் வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை என்றார்கள். கிளம்புவதற்கு முன்னால் சிராஜ் அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். அதே மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"பயணம் சொல்ல வந்தேன்டி. தெருவுல எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டேன், நீதான் கடைசி."

எனக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கெல்லாம் எதற்கடி இது என்று அழுதேன்.

"பயமா இருக்குடி. சொல்லாம இருந்தேன்னு வச்சுக்க, பஸ் ஸ்டாண்டுலேருந்தே திரும்பி வந்துருவேன். ஊரு பூரா சொல்லியாச்சு. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புறது? அன்னைக்கும் அப்படித்தான். அத்தா மட்டும் வேணாங்கலடி, எனக்கே உள்ளுக்குள்ள உதறல். அதான் உன்னைய இழுத்துக்கிட்டுத் தெருவைச் சுத்துனேன்." பிறகு என் தோளில் தட்டினாள். "அழுதது போதும். வத்தல் எங்க? போற வழிதானே."

உள்ளே போய் மோர்மிளகாயை ஒரு பையில் கட்டிக் கொடுத்தேன். போனாள். சிகிச்சை முடிந்து திரும்பி வந்தாள். சம்பா அறுவடை முடியும் வரை பட்டறையில் உட்கார்ந்தாள். அதற்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: பயமாக இருக்கும் காரியத்தை முதலில் நாலு பேரிடம் சொல்லிவிடுவது. அதற்கு இப்போது எனக்கு அவசியம் வந்திருக்கிறது.

என் மகள் கயலுக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. நல்ல மதிப்பெண். எலக்ட்ரிகல் டிப்ளமாதான் படிப்பேன் என்கிறாள். பள்ளி விடுமுறையெல்லாம் ஜொஹராவின் பட்டறையில் கழித்தவள், வேறென்ன சொல்வாள்? வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "பிசிக்ஸ் டீச்சர் மவ பாலிடெக்னிக்கா? ஊரு சிரிக்கும்," என்கிறார் என் மாமியார். என் கணவர் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் ஆசை இருந்தது, இவளும் இயற்பியல் படிக்க வேண்டும் என்று. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட உட்கார்கிறேன், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். இன்னும் ஒருநாள் தள்ளிப்போட்டால் நானே அவள் மனதைக் கலைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் சொல்லிவிடுகிறேன். ஜொஹராவை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். என் மகள் கயல் தஞ்சாவூருக்கு எலக்ட்ரிகல் படிக்கப் போகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஜொஹராவின் தெருவில் வீடு வீடாக வருவேன். சொல்லியாயிற்று, இனித் திரும்ப முடியாது. அன்று என் காதோடு சொன்னீர்களே மாமி, முதல் வீடு உங்களுடையதுதான். வத்தல் ஏதாவது எடுத்து வையுங்கள்.