அம்மா அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா

இண்டைக்கு அப்பாவின்ர தலை தப்பினது அம்மாவாலை.

யாழ்ப்பாணத்திலையிருந்து வந்து நிக்கிற ரெண்டு பேரையும் கோப்பன்ஹேகன் காட்ட, கால்வாய்ப் படகிலை கூட்டிக்கொண்டு போனன். அங்கை பாலங்கள் நல்ல பதிவு, எழும்பி நிண்டால் தலை முட்டும். "ஒருத்தரும் எழும்பக்கூடாது" எண்டு வழிகாட்டிப் பிள்ளை சொன்னதை நான் தமிழிலையும் சொன்னனான்.

சேர்ந்து இருக்க இடமில்லை. நான் முன்வரிசை, அவை நாலு வரிசை பின்னாலை.

திரும்பிப் பாத்தால், அப்பா எழும்பி நிண்டு, வாற பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடியோ எடுக்கிறார்.

"அப்பா, இருங்கோ!" எண்டு கத்தினன். காத்திலை அவருக்குக் கேக்கேல்லை.

அம்மா அவரின்ர ஜாக்கெட்டைப் பிடிச்சு இழுத்தா.

"கணேசு! குனி!"

அப்பா தொப்பெண்டு இருந்தார். அடுத்த நொடி பாலம் தலைக்கு மேலாலை போச்சுது.

நான் அறிய அம்மா அவரை "இஞ்சருங்கோ" எண்டுதான் கூப்பிடுறவ.

படகாலை இறங்கின பிறகு அப்பா மெதுவாக் கேட்டார்: "என்ன, பேர் சொல்லிக் கூப்பிட்டனீர்?"

அம்மா சொன்னா: "'இஞ்சருங்கோ' எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ளை பாலம் வந்திருக்கும்."

உங்கட அம்மாமார் அவசரத்துக்கு அப்பாவை என்னெண்டு கூப்பிடுறவை?