அப்பாவின் கடிகாரத்தில் ஆறரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதுவது அதற்குத் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கல்கத்தாவில் தமிழ்ச் சபைக்குப் போதகராக இருந்தார். எங்கள் ஜனங்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிடர்பூர் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கோயில், அதை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. சபை என்றால் பெரிய கூட்டம் இல்லை. துரைமார் வீட்டு ஆயாக்கள், பட்லர்கள், கப்பல் சமையல்காரர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் சிலர். கப்பல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிறையும். கப்பல் போய்விட்டால் அப்பா எங்களுக்கும் தூணுக்கும் பிரசங்கம் பண்ணுவார்.

அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பிரசங்கம் யோசிப்பது நடந்துகொண்டேதான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடும். நடுநடுவே பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். அந்தக் கடிகாரம் கல்கத்தா மணியைக் காட்டாது. அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்கென்று தனி மணி. ரயில்காரர்களுக்கு மட்டும் மெட்ராஸ் மணி, அது அரைமணிக்குச் சற்றுக் கூடவே பின்னால் நிற்கும். அப்பா மெட்ராஸிலிருந்து வந்து இறங்கிய நாளில் எப்படி ஓடியதோ அப்படியே விட்டிருந்தார். ஆராதனையும் ஜெபக்கூட்டமும் கோயில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, அதாவது ஊர் மணிப்படி. பையிலிருந்தது அவருக்கு மட்டும். அதைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்மூர்க் கோயில்ல முதல் மணி அடிப்பாங்க" என்பார்.

"உடம்பு இங்க கிடக்கு, உசுரு ரயில்ல போவுது" என்பாள் அம்மா.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்த வாரம்தான் அந்தக் கடிகாரத்தை வைத்து எனக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

சபையில் ஓர் ஆயா அக்கா இருந்தாள். ரங்கூன் போகும் கப்பல் ஒன்றில் சமையல் செய்யும் சபை அண்ணன் ஒருவருக்கு அவளைப் பேசி, மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. அவள் வேலை பார்த்த வீட்டுத் துரைசானி அதற்குள் சீமைக்குப் புறப்பட ஆயத்தமாகிவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவும் கூட வரவேண்டுமாம். "கல்யாணமாகிவிட்டால் இருந்துகொள். இல்லாவிட்டால் அன்று ராத்திரியே ஹௌராவில் பம்பாய் ரயிலேறு" என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சீமைக்குப் போன எங்கள் சபை ஆயா ஒருத்தி திரும்பி வரவேயில்லை.

கல்யாணம் அன்று காலையிலேயே நடந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளையின் கப்பல் வந்துவிட்டது, ஆனால் ஆற்றில் நிற்கிறது, தண்ணீர் ஏறினால்தான் துறைமுகத்துக் கதவு திறப்பார்கள் என்று செய்தி வந்தது. மத்தியானம் போயிற்று. மழைக்காலம், காற்றே இல்லை. அக்கா கழுத்தில் ரஜனிகந்தா மாலை துவண்டு தொங்கியது. ஆற்றில் கப்பல் ஊதினால் எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பும். வாசலில் துரைசானி அனுப்பிய குதிரை வண்டிதான் நின்றது, கூரைமேல் அக்காவின் டிரங்குப் பெட்டியோடு.

"ஔர் கித்னி தேர், பாத்ரி சாஹேப்?" என்று வண்டிக்காரன் எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.

அப்பா பீடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து பீடத்துக்கும் நடந்தார்.

"சும்மா நடக்காதிய. தரை தேஞ்சிரும்" என்றாள் அம்மா. பிறகு அக்காவிடம், "ஏட்டி, நீ அழுது முகத்தை வீங்க வைக்காத. வந்த மாப்பிள்ளை பயந்து திரும்பிக் கப்பலுக்கே ஓடிருவான்" என்றாள். அக்கா அழுகையோடு சிரித்தாள்.

சிரிக்காதவர் சபை மூப்பர் ஒருவர்தான். ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. "ஐயரே, சாயங்காலம் ஏழு வரைக்கும்தான் சட்டம். ஏழு அடிச்ச பிறகு நீங்க கல்யாணம் மந்திரிச்சா மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி, உங்களுக்கு ஜெயில். சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்றார்.

"தெரியும்" என்றார் அப்பா. மறுபடி நடந்தார்.

சுவர்க்கடிகாரம் ஏழு அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அக்காவே எழுந்தாள். மாலையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஒரு கால் வண்டிப் படியில் வைத்தும்விட்டாள். அப்போதுதான் சந்து முனையில் மாப்பிள்ளை ஓடிவந்தார். வேட்டியில் கப்பல் கரி, மேலெல்லாம் வெங்காய வாடை.

"தண்ணி ஏறலையே ஐயரே! கதவு திறந்தாத்தானே நான் வர? நீந்தியா வர முடியும்?"

"வந்து என்ன தம்பி, மணி போச்சே" என்றார் மூப்பர்.

அப்பா நடப்பதை நிறுத்தினார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். தான் பார்க்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"மணி என்ன, பாத்துச் சொல்லு."

சின்ன முள், பெரிய முள் எல்லாம் பார்த்து மெதுவாகச் சொன்னேன்.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

"ஆறரை!" என்றேன். கோயிலில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"ஐயரே, அது ரயில் மணியில்லா?" என்றார் மூப்பர்.

"ஆமா. இந்தப் பிள்ளையைக் கொண்டுபோகப் போற ரயில் இந்த மணிக்குத்தான் போவுது. அப்ப அவ கல்யாணத்துக்கும் இந்த மணி போதும்."

மூப்பர் தன் கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்துக்கொண்டார். அம்மா ஓடிப்போய் அந்த வாடிய மாலையைத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தாள். அப்பா ஆராதனையை அவ்வளவு வேகமாக வாசித்து நான் கேட்டதில்லை. சாட்சிக் கையெழுத்தை மூப்பரே முதலில் போட்டார். வண்டிக்காரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

எனக்கு ஒரே பெருமை. மணி பார்க்கத் தெரிந்ததா என்று சோதிக்கத்தான் அப்பா கேட்டார், நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா கோயில் சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே நின்று, பைக்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி ஊர் மணிக்கு வைத்தார்.

"இத்தனை வருஷமா இல்லாம இப்ப என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

"ஒரு ஆளுக்கு ரெண்டு மணி கூடாது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பார். நம்மூர்க் கோயில்ல மணி அடிப்பாங்க என்று மட்டும் சொன்னதே இல்லை.

நான் பயந்துபோனேன். நான் தப்பாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன், அதனால்தான் அப்பா முள்ளைத் திருத்துகிறார் என்று எண்ணினேன். அந்த அக்கா இடுப்பில் பிள்ளையோடு கோயிலுக்கு வரும்போதெல்லாம் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். நான் சொன்ன மணியில் நடந்த கல்யாணமாயிற்றே! அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்கும் வயது வந்தபோது அவர் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்தால் நல்லது. கல்கத்தாவில் இரண்டு மணி இருந்தது நிஜம்தானா? அந்தச் சட்டத்தில் ஏழு மணி என்று மட்டும் போட்டிருக்கிறதா, எந்த மணி என்றும் போட்டிருக்கிறதா? அப்பா செய்தது சரி என்றால் எல்லாருக்கும் தெரியும்படி எழுதுங்கள். தப்பு என்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். அந்த அக்காவின் பேரப்பிள்ளைகள் இங்கே கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில்தான் இருக்கிறார்கள்.