படகு எங்கே?

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். ஜப்பான்காரர்கள் மலாயாவின் கெடாவை ஆண்டபோது, சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் காட்டுக்குள் எங்கள் டிரசர் அண்ணன் அடிக்கடி ஒரு படகைப் பற்றிப் பேசுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் அவர். அரிசி இல்லை என்று யார் புலம்பினாலும், "வி ஆர் ஆல் இன் தி சேம் போட் லா" என்பார். எல்லாரும் ஒரே படகில் என்றால், எல்லார் பாடும் ஒன்றுதான் என்று அர்த்தம். நாகப்பட்டினத்தில் இலக்கணத்தோடு இங்கிலீஷ் படித்து, இங்கே பள்ளி ஆசிரியையாக வந்த எனக்கே அது விளங்க நாளாயிற்று.

பெண்டாங்கில் இருந்த நண்பருக்கு அரிசி கேட்டு எழுதிய கடிதத்திலும் அவர் அதையே எழுதிவிட்டார். கடிதம் வழிச்சோதனையில் சிக்கியது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி வகுப்புக்கே ஓடிவந்து, "டீச்சர், நீங்கதான் வந்து பேசணும்" என்று அழுதார். இருவரும் பீடோங் காவல் நிலையத்துக்கு நடந்தோம்.

அண்ணனின் உதடு கிழிந்திருந்தது. அங்கிருந்த ஜப்பான் அதிகாரிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். கடிதத்தைத் தட்டி, "போட் எங்கே? எத்தனை பேர் தப்பிப் போகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். படகே இல்லை, அது பேச்சுவழக்கு என்றேன். நம்பவில்லை.

வேறு வழியில்லாமல் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். யுத்தத்துக்கு முன்பு, தோட்டத்துத் துரையின் மனைவி 'அண்டர் தி வெதர்' என்று எனக்குச் சீட்டு அனுப்பியிருந்தார். மழையில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்து, கொளுத்தும் வெயிலில் குடையோடு பங்களாவுக்கு ஓடினேன். அவரோ காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தார்; உடம்பு சரியில்லை என்பதற்குத்தான் அந்தப் பேச்சு. நான் குடையோடு விழித்து நின்றதை அதிகாரிக்கு நடித்தே காட்டினேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மனம் திறந்து பேசுவதை எங்கள் பாஷையில் வயிற்றைக் கிழித்துப் பேசுவது என்போம். யாரும் கத்தி எடுப்பதில்லை" என்றார். கடிதத்தைக் கிழித்துப் போட்டு அண்ணனை விட்டுவிட்டார்.

வழியெல்லாம் அண்ணனின் மனைவி அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்: "இனிமே வாயைத் திறந்தா தமிழ்ல திறங்க!" கிழிந்த உதட்டோடு அண்ணன் சிரிக்க, நாங்களும் சிரித்துவிட்டோம். அவர்கள் வீட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு அன்று அத்தனை ருசி.

மறுநாள் காலை, ஜப்பான்காரர்கள் உத்தரவுப்படி, பிள்ளைகளோடு அவர்கள் சக்கரவர்த்தியின் தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்தேன். நாகப்பட்டினம் முதுகுக்குப் பின்னால், கடலுக்கு அப்பால் இருந்தது. நிமிர்ந்தபோது, தூக்கம் கலையாத முப்பது முகங்கள் என் பக்கம் திரும்பி "வணக்கம் டீச்சர்" என்றன. தோக்கியோ பக்கமும் ஊர்ப் பக்கமும் திரும்பத் தோன்றாமல், அவர்களைப் பார்த்தே நின்றேன்.